5 கட்டைச் சுருதியோடு மோதும் உறுமல்: வீட்டு ஒலிப்பதிவு அறையில் மின் இரைச்சலை எப்படி நீக்குவது?

பஞ்சமம் | கும்பகோணம்

வணக்கம். வாய்ப்பாட்டும் வீணையும் சொல்லிக்கொடுக்கிறேன். மாடியில் ஓர் அறையை ஒலிப்பதிவுக்கென்று ஒதுக்கி, மாணவிகளுக்கான பாடங்களையும் சில கீர்த்தனைகளையும் பதிவு செய்து வருகிறேன். மடிக்கணினி, இரண்டு உள்ளீடுகள் கொண்ட யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி), ஒரு கண்டென்சர் மைக், வீணைக் குடத்தின் பலகையில் ஒட்டும் பிக்கப் (அதிர்வை மின் சைகையாக்கும் சிறு கருவி), அடாப்டரில் இயங்கும் எலக்ட்ரானிக் தம்புரா, ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர். இவ்வளவுதான் கருவிகள்.

பாடாமல் இருக்கும்போதே ‘உம்ம்’ என்று ஓர் அடித்தொனி கேட்கிறது. அதற்கு மேல் மெல்லிய கிரீச்சொலி ஒன்று. மௌஸை நகர்த்தினால் அதுவும் மாறுகிறது. வீணைப் பிக்கப்பைச் செருகினால் உறுமல் இன்னும் கூடுகிறது. செருகியின் உலோகப் பகுதியை விரலால் தொட்டால் குறைகிறது. மடிக்கணினியின் உலோக மேற்பரப்பைத் தடவும்போது விரல் நுனியில் சுருசுருவென்று இருக்கிறது. நான் பாடுவது 5 கட்டை (சட்ஜத்தின் உயரத்தைக் குறிக்கும் அளவு). பதிவைக் கேட்டால் தம்புரா அசையாமல் நிற்பதில்லை, சட்ஜமே நடுங்குவது போல இருக்கிறது. அதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

கடையில் பவர் கண்டிஷனர் (மின்சாரத்தைச் சீராக்கும் பெட்டி) வாங்கச் சொல்கிறார்கள். அதன் விலை என் இன்டர்ஃபேஸின் விலையைத் தாண்டுகிறது. வயரிங் வேலைக்கு வந்தவர், ஸ்பீக்கர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் போதும் என்கிறார். இரண்டில் எதையும் செய்வதற்கு முன் இங்கே கேட்கலாம் என்று வந்தேன்.

---

ஒலியன் | சென்னை

எதையும் வாங்க வேண்டாம், எதையும் கழற்றவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் அறையில் ஓர் இரைச்சல் இல்லை. குறைந்தது மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் மூலம் வேறு, மருந்தும் வேறு. பலரும் பணத்தை இழப்பது இவற்றை ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான்.

அடித்தொனியாக, வழவழப்பாக வரும் உறுமல் 50 ஹெர்ட்ஸ். நம் மின்சாரத்தின் அலைவெண். கரகரப்பாக, முள் முள்ளாகக் கேட்பது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். அடாப்டர்கள், டிம்மர்கள், ஃபேன் ரெகுலேட்டர்களின் கைவரிசை. மௌஸோடு மாறும் கிரீச்சொலி கணினியின் உள்ளிருந்து வருவது. இவை போக ‘ஸ்ஸ்’ என்று சீராக வரும் சீறல் ஒன்று உண்டு. அது மின்கம்பிச் சிக்கல் அல்ல, கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) தொடர்பானது. அதை இங்கே கலக்க வேண்டாம்.

முதல் கேள்வி: இரைச்சல் பதிவான கோப்பில் இருக்கிறதா, ஸ்பீக்கரில் மட்டும் இருக்கிறதா? ஸ்பீக்கர்களின் கேபிளை இன்டர்ஃபேஸிலிருந்து முழுவதுமாக உருவிவிட்டு, ஹெட்ஃபோனில் கேட்டபடி மைக்கை மட்டும் வைத்து ஒரு நிமிடம் மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். பிறகு வீணைப் பிக்கப்பை மட்டும். பிறகு தம்புராவை மட்டும். ஒவ்வொன்றையும் மடிக்கணினியின் சார்ஜர் செருகிய நிலையில் ஒரு முறையும், சார்ஜரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு பேட்டரியில் ஒரு முறையும். வாக்ஸெங்கோ ஸ்பான் என்ற இலவசச் செருகுநிரலை அந்தத் தடங்களில் போட்டுப் பாருங்கள். எந்த அலைவெண்ணில் கூர்முனை எழுகிறது என்று கண்ணாலேயே தெரியும். வரும் முடிவை வைத்துப் பேசுவோம்.

---

கோவைக் கிட்டார் | கோயம்புத்தூர்

எங்கள் குழுவில் பயிற்சி அறையில் இதே தொல்லை இருந்தது. ஸ்பீக்கரின் எர்த் பின் கழன்றதும் உறுமல் அந்த நொடியே நின்றது. வயரிங் வேலைக்கு வந்தவர் சொன்னது பலன் தரும் வழிதான், சகோதரி. செலவும் இல்லை.

---

திருச்சி வயர்மேன் | திருச்சிராப்பள்ளி

தம்பி, பலன் தரும் என்பது உண்மை. அதனால்தான் அது இத்தனை ஆபத்தான யோசனை. பலன் தராத ஒன்றாக இருந்திருந்தால் யாரும் செய்யமாட்டார்கள்.

எர்த் கம்பி ஏரியின் கலிங்கு (மிகுநீர் வெளியேறும் வழி) மாதிரி. ஆண்டு முழுவதும் அதில் தண்ணீர் போகாது. போகவில்லையே என்று எவரும் அதை மண் போட்டு அடைப்பதில்லை. ஸ்பீக்கரின் உள்ளே ஃபேஸ் கம்பி என்றைக்காவது உலோக உடலைத் தொட்டால், எர்த் இருந்தால் மின்சாரம் அந்த வழியே பாய்ந்து ஃபியூஸோ எம்சிபியோ அந்தக் கணமே துண்டித்துவிடும். எர்த் இல்லையென்றால் அந்த உடல் 230 வோல்ட்டில் சத்தமில்லாமல் காத்திருக்கும். அங்கிருந்து ஆடியோ கேபிளின் உறை வழியே இன்டர்ஃபேஸுக்கு வரும், இன்டர்ஃபேஸிலிருந்து மைக்கின் உலோகக் கூட்டுக்கு வரும். இசைக்கலைஞர் ஒரு கையால் கருவியைப் பிடித்துக்கொண்டு வாயை மைக்கருகே வைத்திருப்பவர். அவருடைய உடலே எர்த் கம்பியாகிவிடும்.

இது மிரட்டல் அல்ல. ஸ்டோன் தி க்ரோஸ் என்ற குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில், மேடையிலேயே, எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976 மே மாதம் தன் வீட்டிலேயே, கிட்டார் வாசிக்கும்போது, எர்த் கோளாறால் உயிரிழந்தார். இருவருமே வேலை தெரிந்த கலைஞர்கள்.

அம்மா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மடிக்கணினியில் சுருசுருப்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் அடாப்டருக்கு இரண்டு பின்னா, மூன்று பின்னா? ஸ்பீக்கர் செருகியிருக்கும் சுவரும் மடிக்கணினி செருகியிருக்கும் சுவரும் ஒன்றுதானா?

---

கோவைக் கிட்டார் | கோயம்புத்தூர்

ஐயா, எர்த்தை நிரந்தரமாகவே எடுத்துவிடச் சொல்லவில்லை. சிக்கல் எர்த் லூப்தானா (எர்த் இரண்டு வழியே சேர்ந்து உண்டாகும் வளையமா) என்று தெரிந்துகொள்ளவாவது ஒரு முறை கழற்றிப் பார்க்கக் கூடாதா?

---

திருச்சி வயர்மேன் | திருச்சிராப்பள்ளி

அதற்கும் தேவையில்லை, தம்பி. மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டினால் அதன் பக்கத்து எர்த் தானாகவே விலகிவிடுகிறது. ஒலியன் சொன்ன சோதனை அதைத்தான் செய்கிறது. ஒரே தகவல் பாதுகாப்பான வழியில் கிடைக்கும்போது மற்ற வழி எதற்கு?

---

பஞ்சமம் | கும்பகோணம்

இருவருக்கும் நன்றி. சோதித்துவிட்டேன்.

மைக் மட்டும்: கோப்பு ஏறத்தாழ சுத்தம். மௌஸ் கிரீச்சொலி எந்தக் கோப்பிலும் இல்லை. ஸ்பீக்கரில் மட்டுமே கேட்கிறது, சார்ஜரை எடுத்தால் அங்கும் நின்றுவிடுகிறது. வீணைப் பிக்கப்: சார்ஜர் இருக்கும்போது 50இல் உயரமான முனை, பேட்டரியில் அது மிகவும் தாழ்ந்துவிடுகிறது, ஆனால் மறையவில்லை. தம்புரா: சார்ஜர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 100, 200, 300 என்று சீப்புப் பல் போல வரிசை. மின்விசிறியை நிறுத்தினால் வீணைத் தடத்திலும் அந்தப் பற்கள் குறைகின்றன.

ஐயா, அடாப்டர் மூன்று பின். ஸ்பீக்கர்கள் பழைய சுவரின் சாக்கெட்டில். மடிக்கணினி எதிர்ச்சுவரில், அந்தச் சாக்கெட் அறையைப் பிரித்தபோது பிறகு போட்டது.

---

திருச்சி வயர்மேன் | திருச்சிராப்பள்ளி

நான் சந்தேகப்பட்டது அதைத்தான். மூன்று பின் அடாப்டர் இருந்தும் உடலில் சுருசுருப்பு வந்தால், அந்தச் சாக்கெட்டின் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு சேர்த்த சாக்கெட்டுகளில் ஃபேஸையும் நியூட்ரலையும் மட்டும் இழுத்துவிட்டு எர்த்தை விட்டுவிடுவது நிறைய வீடுகளில் நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சாக்கெட் மூன்று துளையோடுதான் இருக்கும்.

உரிமம் பெற்ற ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து, கூடவே நின்று பாருங்கள். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230க்கு அருகே வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் ஏறத்தாழ அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்தான் இருக்கலாம். ஆனால் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. மயிரிழை போன்ற இணைப்பு இருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே சோதனை பல்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அது உடனே விழ வேண்டும். இல்லையென்றால் பல்பு பிரகாசமாக எரிய வேண்டும். மங்கலாக எரிந்தாலோ எரியாமல் இருந்தாலோ எர்த் சரியில்லை. இதை நீங்களே செய்ய வேண்டாம்.

இன்னொன்று. எர்த் இல்லை என்று தெரிந்ததும், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் துளைக்கு ஒரு துண்டுக் கம்பி போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டும். வெளியே எங்காவது நியூட்ரல் கம்பி அறுந்தால் மடிக்கணினியின் உடலில் முழு 230 வோல்ட் வந்து உட்காரும். ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். பிரதான எர்த்திலிருந்து பச்சைக் கம்பி தனியாக வர வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 3043 எர்த்திங்குக்கென்றே எழுதப்பட்டது. நல்ல வேலைக்காரருக்கு அது தெரிந்திருக்கும். எர்த் குழி எங்கே இருக்கிறது என்றும் கேட்டுவையுங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய குழியாக இருந்தால் கோடையில் காய்ந்துபோகும், தண்ணீர் ஊற்றிவர வேண்டும்.

---

மின்தேக்கி | மதுரை, மின்னியல் மாணவி

அந்தச் சுருசுருப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்காக.

மூன்று பின் அடாப்டரின் நுழைவாயிலில் இரண்டு சிறிய மின்தேக்கிகள் இருக்கும்: ஃபேஸிலிருந்து எர்த்துக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்று. அடாப்டர் உண்டாக்கும் உயர் அலைவெண் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளுவதுதான் அவற்றின் வேலை. எர்த் கம்பி இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து மின்னழுத்தத்தைப் பாதியாகப் பிரிக்கின்றன. 230இல் பாதி, 115 வோல்ட், மடிக்கணினியின் உலோக உடலில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு: 2.2 நானோஃபாரட் மின்தேக்கி 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் விடுவது சுமார் 0.16 மில்லி ஆம்பியர்தான். அதனால் ஆர்சிசிபி விழாது, உயிருக்கும் ஆபத்தில்லை. தோலில் தடவினால் மட்டும் உணர்கிறோம்.

ஆனால் ஒலிக்கு அது போதும். யூஎஸ்பி கேபிளின் வழியே இன்டர்ஃபேஸின் உடலும் அந்த 115 வோல்ட்டுக்குப் போகிறது. வீணை, வாசிப்பவர், தரை எல்லாம் வேறு மின்னழுத்தத்தில். அந்த வேறுபாடு பிக்கப் என்ற மிக நுண்ணிய உள்ளீட்டின் வழியாக எட்டிப் பார்க்கிறது. செருகியைத் தொட்டால் குறைவதும் இதனால்தான்: உங்கள் உடலும் இன்டர்ஃபேஸும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன.

---

ஒலியன் | சென்னை

மின்தேக்கி எழுதியதைவிடத் தெளிவாக இதைச் சொல்ல முடியாது. பஞ்சமம் அம்மா, எர்த்தைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். அதற்குள் சட்ஜம் நடுங்குவது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன்.

5 கட்டையின் சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். மின் இரைச்சலின் நான்காவது மடங்கு 200 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு நான்கு முறை ஒலி ஏறி இறங்கும். கீழ் ஸ்தாயி சட்ஜம் 98, அதற்கு அருகில் 100. அங்கே நொடிக்கு இரண்டு முறை. நீங்கள் கேட்ட நடுக்கம் இதுதான், தம்புராவின் குறையும் இல்லை, உங்கள் காதின் குறையும் இல்லை. 1 கட்டையில் பாடும் ஆண்களும் தப்பமுடியாது: அவர்களுடைய பஞ்சமம் அதே 196இல்தான் நிற்கிறது. நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கர்நாடக சங்கீதத்தின் இரண்டு மிகப் பழக்கமான சுருதிகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. மேற்கத்திய இசைக்காரர்கள் சுரத்துக்குச் சுரம் மாறிக்கொண்டே போவதால் இதை இவ்வளவு கூர்மையாக உணர்வதில்லை. சுருதியை நிலையாக வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பாடும் நமக்கு இரைச்சல் வெறும் அழுக்கு அல்ல, அது அபசுருதி.

---

ஸ்கார்பரோ சுருதி | டொராண்டோ

எங்களுக்கு இங்கே 60 ஹெர்ட்ஸ். அது ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவே விழுகிறது. அந்தச் சுருதியில் பாடுவது அரிது என்பதால் உறுமல் இருந்தாலும் தம்புராவோடு இப்படி மோதுவதில்லை. சென்னையில் பதிவு செய்த பழைய நாடாக்களைக் கேட்கும்போது மட்டும் ஏன் அந்த அலைச்சல் என்று யோசித்ததுண்டு. இப்போது விளங்குகிறது.

---

நெல்லை எடிட்டர் | திருநெல்வேலி

எல்லோரும் கம்பியைப் பற்றியே பேசுகிறீர்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் இப்போது அருமையாக வேலை செய்கின்றன. ஒரு நொடி மௌனத்தைக் காட்டினால் போதும், அந்த இரைச்சலைக் கற்றுக்கொண்டு தடம் முழுவதும் துடைத்துவிடும். வீட்டை உடைத்துக் கம்பி போடுவதைவிட எளிது அல்லவா?

---

ஒலியன் | சென்னை

பேச்சுக்கு என்றால் நானும் பயன்படுத்துகிறேன், நன்றாகவே இருக்கும். வீணைக்கு ஆகாது. வீணையில் ஒரு முறை மீட்டிவிட்டு, நாதம் தேயத் தேயக் கம்பியை இழுத்து அடுத்தடுத்த சுரங்களைக் கொண்டுவருகிறார்கள். கமகத்தின் உயிரே அந்தத் தேயும் பகுதியில் இருக்கிறது. மென்பொருளுக்கு மெல்லிய நாதமும் மெல்லிய இரைச்சலும் ஒன்றுதான். வாலை நறுக்கிவிடும், அல்லது தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆக்கிவிடும். 200 ஹெர்ட்ஸில் ஒரு வடிகட்டி போட்டு வெட்டலாம் என்றால், பக்கத்திலேயே 196இல் பாடகியின் சட்ஜம் நிற்கிறது. இரைச்சலோடு அதுவும் சேதமாகும். அம்மாவுடைய பதிவில் இரைச்சலை மூலத்திலேயே நிறுத்துவதைத் தவிர நேர்மையான வழி இல்லை.

---

பஞ்சமம் | கும்பகோணம்

எர்த் வேலை முடிந்தது. வேறொரு எலக்ட்ரீஷியன் வந்தார். எதிர்ச்சுவர் சாக்கெட்டின் மூடியைக் கழற்றியபோது மூன்றாவது திருகில் கம்பியே இல்லை. ஐயா சொன்னது அப்படியே. கீழிருந்து பச்சைக் கம்பி இழுத்துக் கொடுத்திருக்கிறார். சுருசுருப்பு போய்விட்டது. வீணைத் தடத்தில் 50இன் முனை நன்றாகவே தாழ்ந்துவிட்டது.

ஆனால் ஸ்பீக்கரில் அந்த மௌஸ் கிரீச்சொலி இப்போது இன்னும் உரக்கக் கேட்கிறது. எர்த் வந்தபின் ஏன் கூட வேண்டும்?

---

ஒலியன் | சென்னை

இப்போதுதான் உண்மையான எர்த் லூப் முழுமையாகியிருக்கிறது. மடிக்கணினி ஒரு சாக்கெட் வழியே எர்த்தைத் தொடுகிறது. ஸ்பீக்கர் இன்னொரு சாக்கெட் வழியே தொடுகிறது. இரண்டையும் ஆடியோ கேபிளின் உறை மறுபடி இணைக்கிறது. அறையைச் சுற்றி ஒரு வளையம். கணினி ஒவ்வொரு முறை மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும்போதும் அந்த வளையத்தில் சிறு மின்னோட்டம் ஓடுகிறது, உறையிலும் ஓடுகிறது. உங்கள் கேபிள் ஒற்றைக் கம்பியும் உறையும் மட்டும் கொண்டதாக இருந்தால், உறையில் ஓடுவது எல்லாமே ஸ்பீக்கருக்கு இசையாகத்தான் தெரியும்.

இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, எல்லாவற்றையும் ஒரே சுவர்ச் சாக்கெட்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். வளையத்தின் சுற்றளவு சுருங்கும். சுமையைப் பற்றிய கவலை வேண்டாம்: 6 ஆம்பியர் சாக்கெட் 1,380 வாட் வரை தாங்கும், மடிக்கணினியும் சிறு ஸ்பீக்கர்களும் சேர்ந்தாலும் அதில் ஒரு சிறு பங்குதான். ஏசியையோ இஸ்திரிப் பெட்டியையோ மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவதுதான் முக்கியமானது. இன்டர்ஃபேஸின் பின்புறத் துளைகளிலிருந்து ஸ்பீக்கருக்கு என்ன கேபிள் போகிறது? செருகியின் உலோகத் தண்டில் கருப்பு வளையம் ஒன்றா, இரண்டா?

---

பஞ்சமம் | கும்பகோணம்

ஒன்றுதான். மறுமுனை சிவப்பும் வெள்ளையுமாக ஆர்சிஏ. ஸ்பீக்கரில் ஆர்சிஏ துளையும் இருக்கிறது, அதற்குக் கீழே பெரிய துளையும் இருக்கிறது.

---

ஒலியன் | சென்னை

அந்தப் பெரிய துளை பேலன்ஸ்ட் உள்ளீடுதானா என்று கையேட்டில் உறுதிசெய்துகொண்டு, இரண்டு கருப்பு வளையம் உள்ள டிஆர்எஸ் கேபிள் ஒரு ஜோடி வாங்குங்கள். கண்டிஷனரோடு ஒப்பிட்டால் விலை ஒன்றுமே இல்லை. அதில் ஒரே இசை இரண்டு கம்பிகளில் எதிரெதிர் முகமாகப் போகிறது. ஸ்பீக்கர் இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வழியில் சேரும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே முகமாக இருப்பதால் கழித்தலில் அழிந்துவிடும். எர்த் லூப் அப்படியே இருக்கும், ஆனால் அது உங்களுக்குக் கேட்காது. எர்த்தை வெட்டாமலே உறுமலை நிறுத்தும் வழி இதுதான்.

---

கோவைக் கிட்டார் | கோயம்புத்தூர்

கிட்டார்காரர்களுக்கு இந்தக் கழித்தல் கணக்கு நன்றாகத் தெரியும். 1955இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் இதே கொள்கைதான்: எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள், காந்த முனைகளும் எதிரெதிர். கம்பியின் அதிர்வு கூடும், அறையின் உறுமல் கழியும். ஒற்றைச் சுருள் பிக்கப் வைத்திருப்பவர்கள் உட்காரும் திசையை மாற்றிப் பார்க்கலாம். சற்றே திரும்பி உட்கார்ந்தால் உறுமல் ஏறக்குறைய அடங்கும் ஒரு கோணம் கிடைக்கும்.

---

யாழ் ஒலி | யாழ்ப்பாணம்

ஒலியன் அண்ணா, எனக்கு இரண்டு பக்கமும் பேலன்ஸ்ட் கேபிள்தான். அப்படியிருந்தும் ஒரு பழைய மிக்சரை இணைத்தால் மட்டும் உறுமுகிறது. ஏன்?

---

ஒலியன் | சென்னை

மிக்சரின் உள்ளேயே குற்றம் இருக்கலாம். கேபிளின் உறை நேராக உலோக உடலில் சேர வேண்டும். சில கருவிகளில் அது முதலில் சர்க்யூட் போர்டுக்குப் போய், அங்கிருந்து சுற்றி வருகிறது. உறையின் அழுக்கெல்லாம் பெருக்கிக்குள் நுழைந்துவிடும். 1995இல் ஒலிப் பொறியாளர் நீல் மன்சி இதை விரிவாக எழுதிய பிறகு ‘பின் 1 சிக்கல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது (மைக் செருகியில் உறை சேரும் முனைதான் பின் 1). இதற்காகவே பின்னர் ஒலிப் பொறியாளர் சங்கத்தின் ஏஇஎஸ் 48 என்ற தரமும் வந்தது. வெளியிலிருந்து செய்யக்கூடியது, மிக்சருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்றைப் போடுவது. உறை அங்கே அறுபடும், இசை காந்தப் புலத்தின் வழியே கடக்கும். மின்சார எர்த்தில் கை வைக்கவே வேண்டாம்.

---

பஞ்சமம் | கும்பகோணம்

கேபிள் மாற்றினேன், எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு வந்துவிட்டன. மௌஸ் ஒலி துளியும் இல்லை. ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் ஒரு மெல்லிய சீறல்.

மிச்சம் இருப்பவை தம்புராவின் சீப்புப் பற்களும், மின்விசிறி ஓடும்போது வீணையில் வரும் கரகரப்பும். சித்திரை மாதத்தில் மாடி அறையில் விசிறியை நிறுத்திவிட்டு ஒரு வர்ணம்கூட வாசிக்க முடியாது.

---

மின்தேக்கி | மதுரை, மின்னியல் மாணவி

அக்கா, விசிறியின் ரெகுலேட்டர் வழவழவென்று திரும்புகிறதா, ‘டக், டக்’ என்று படிப்படியாகத் திரும்புகிறதா? வழவழப்பானதாக இருந்தால் உள்ளே டிரையாக் இருக்கும். ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு துண்டை வெட்டி எறிந்து வேகத்தைக் குறைப்பது அது. நொடிக்கு 100 வெட்டு. அந்தக் கூர்மையான வெட்டுத்தான் கரகரப்பாகக் கேட்கிறது. சோதிக்க வேண்டுமானால் முழு வேகத்தில் வையுங்கள். வெட்டுவதற்கு எதுவும் இல்லாததால் கரகரப்பு பெருமளவு குறைய வேண்டும். படிப்படியாகத் திரும்பும் மின்தேக்கி வகை ரெகுலேட்டர் அலையை வெட்டுவதில்லை. அதே போர்டில் அதையே பொருத்தலாம்.

---

ஒலியன் | சென்னை

தம்புராவுக்கு மின்கலமே மருந்து. பெரும்பாலான எலக்ட்ரானிக் தம்புராக்களில் அதற்கு இடம் இருக்கும். அடாப்டரில்தான் ஓட்டியாக வேண்டும் என்றால், அதனோடு வந்த அடாப்டரைத் தவிர வேறொன்றைச் செருகவேண்டாம். வோல்ட்டும் முனைகளும் மாறினால் கருவியே போய்விடும்.

வீணைப் பிக்கப்புக்கு மட்டும் ஒரு பொருள் வாங்கச் சொல்வேன்: ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (பிக்கப்பின் ஒலியை மைக் கேபிளில் அனுப்பத் தக்கதாக மாற்றும், மின்சாரத்தில் இயங்கும் பெட்டி). ஒட்டும் பிக்கப்புகள் பீசோ வகை (அழுத்தத்தால் மின்சாரம் உண்டாக்கும் படிகம்). அவற்றுக்கு 10 லட்சம் ஓம், அதற்கும் மேலான உள்ளீட்டு எதிர்ப்பு வேண்டும். பாசிவ் பெட்டி அதைத் தராது, வீணையின் அடிநாதம் மெலிந்துவிடும். ஆக்டிவ் பெட்டியை வீணைக்குப் பக்கத்திலேயே வைத்து, பிக்கப்பிலிருந்து அதுவரையுள்ள கேபிளை முடிந்த அளவு குட்டையாக்குங்கள். அங்கிருந்து இன்டர்ஃபேஸ் வரை எக்ஸ்எல்ஆர் கேபிள் எத்தனை நீளம் போனாலும் பாதகமில்லை. 48 வோல்ட் ஃபேன்டம் (இன்டர்ஃபேஸ் மைக் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரம்) கொடுத்தால் பெட்டிக்குத் தனி மின்சாரமும் வேண்டாம். அந்தக் கேபிளை மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

---

நெல்லை எடிட்டர் | திருநெல்வேலி

யூஎஸ்பி ஐசொலேட்டர் என்று, மின் இணைப்பை அறுத்துத் தரவை மட்டும் கடத்தும் சிறு பெட்டி விற்கிறார்களே, அதைப் போட்டிருந்தால் இத்தனை வேலையும் மிச்சமாகியிருக்குமே?

---

மின்தேக்கி | மதுரை, மின்னியல் மாணவி

மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் ஏடியூஎம் 4160 சிப் இருக்கும். அதன் எல்லை நொடிக்கு 12 மெகாபிட். இன்றைய இன்டர்ஃபேஸ்கள் பல 480 மெகாபிட் வேகத்தை எதிர்பார்ப்பவை. அந்தப் பெட்டியின் வழியே அவை சரியாக இயங்காமல் போகலாம். அதிவேகத்துக்கான பெட்டிகள் இருக்கின்றன, ஆனால் விலை கூடுதல். எர்த் இல்லாத சாக்கெட்டை எந்தப் பெட்டியும் சரிசெய்யாது என்பது வேறு.

---

கோவைக் கிட்டார் | கோயம்புத்தூர்

இடையிடையே ‘டிடிட் டிடிட்’ என்று வந்து மறையும் ஒலி யாருக்காவது கேட்டால் கம்பியைத் தேட வேண்டாம். கைபேசி 2ஜி அலைவரிசையில் இருக்கிறது. நொடிக்கு 217 முறை துடிக்கும் அந்த அலையை ஆடியோ கேபிள் பிடித்துக்கொள்கிறது. விமான நிலைக்கு மாற்றுங்கள், அல்லது பதிவு முடியும்வரை அடுத்த அறையில் வையுங்கள்.

---

பஞ்சமம் | கும்பகோணம்

ரெகுலேட்டர் வழவழப்பானதுதான். படி வகை மாற்றியாயிற்று, விசிறி இரண்டாவது படியில் ஓடும்போதும் வீணைத் தடத்தில் கரகரப்பு இல்லை. தம்புரா மின்கலத்தில் ஓடுகிறது. நேற்று பதிவு செய்த ஆரபி ஆலாபனையில் கீழ் ஸ்தாயி சட்ஜம் அசையாமல் நிற்கிறது. டிஐ பாக்ஸுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். மின்வெட்டு நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரில் பதிவு செய்யலாமா? அப்போது வேறொரு விதமான கரகரப்பு வருகிறது.

---

திருச்சி வயர்மேன் | திருச்சிராப்பள்ளி

இன்வெர்ட்டரின் மேல் ‘சைன் வேவ்’ என்று எழுதியிருக்கிறதா, ‘ஸ்கொயர் வேவ்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அம்மா. ஸ்கொயர் வேவில் 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் கொட்டிக்கிடக்கும். அடாப்டர்களும் விசிறியும் அதிலேயே இரையும். அந்த வகையாக இருந்தால், மின்வெட்டின்போது மடிக்கணினியைப் பேட்டரியிலேயே ஓட்டுங்கள், ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள், விசிறியை மட்டும் அந்த நேரத்துக்கு நிறுத்திவையுங்கள். சைன் வேவாக இருந்தும் கரகரப்பு வந்தால், இன்வெர்ட்டர் பெட்டிக்கும் பதிவு அறைக்கும் எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். அதன் டிரான்ஸ்ஃபார்மர் வீணை இருக்கும் சுவருக்கு மறுபக்கத்தில் இருக்கிறதா என்பதையும்.